மிக்சருக்கு வட்டு

வா மருமவனே, உக்காரு. காது மெஷின மாட்டிக்கிடுதேன். ஒன் அழுகைய முழுசா கேக்கணும்லா.

நேத்து ராத்திரி கல்யாண மண்டபத்துல ஒன் டிஜிட்டல் மிக்சருக்கு வட்டு பிடிச்சுட்டுன்னு விடியுமுன்ன ஆரியசாலை சாயாக்கடை பூரா பேச்சு. மலையாளத்துல வட்டுன்னா கிறுக்கு. நமக்கு வட்டுன்னா வட்டமா, சப்பையா இருக்க சாமான். ஒனக்கு வந்த தீனமும் வட்டு, அதுக்கு மருந்தும் வட்டு. ரெண்டு பாசை பேசுத தெருவுல பொறந்ததுக்கு இதாவது லாபம்.

யாரோ கண்ணு வச்சுட்டாவன்னு சொன்னியாமே? வச்சிருப்பாவ. அந்த ஸ்கிரீனே ரெண்டு மாசமா 'லோ பேட்டரி'ன்னு ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நீ ஒரு பொத்தான அமுக்கி அதுக்க வாய அடச்ச. ஒங்க அம்மைக்கும் அப்படி ஒரு பொத்தான் இருந்தா என்னைக்கோ அமுக்கியிருப்ப.

ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிச்சானாம். லட்சக்கணக்குல கடன் வாங்கி மிக்சர் எடுத்த. கார் சாவி ரெண்டு தடவ மக்கர் பண்ணினதும் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வட்டு பேட்டரி வாங்கி மாத்துனியே, பலபேரு கார் சாவியில கிடக்க அதே இனந்தான் மிக்சருக்க வயித்துலயும் கிடக்கு. அத நெனச்சுப் பாக்க ஒனக்கு நேரமில்ல. கார் சாவிய நாலுபேரு பாப்பான். மிக்சருக்க வயித்த எவன் பாக்கான்?

எங்க காலத்து ஆம்ப்ளிஃபயருக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. ஞாபகசக்தியே இல்லாததுக்கு மறதி எங்கேருந்து வரும்? குமிழ எங்க திருப்பி வச்சமோ, பத்து வருசம் கழிச்சும் அங்ஙனயே நிக்கும். நாதசுரத்துக்கு இவ்வளவு, தவிலுக்கு இவ்வளவுன்னு பென்சிலால ஒரு கோடு. எலி தின்னாத்தான் அழியும். இப்ப வந்தது அப்படியா? குமிழு கண்ணுக்குக் காட்டுததுக்கு. சங்கதி எல்லாம் உள்ள ஒரு சில்லுல எழுதியிருக்கு. அந்தச் சில்லு கறண்டு இருக்கவரைக்கும் மகா மேதாவி, கறண்டு போனா பச்சப்பிள்ள. நீ பிளக்க உருவிட்டு வீட்டுக்கு வந்து உறங்கும்போது, அது உறங்காம இருக்க விடிய விடிய பால் குடுக்கது இந்த வட்டுதான்.

யமஹாக்காரன் 1995ல 02ஆர்னு ஒண்ணு விட்டான், 2006ல எல்எஸ்9ன்னு ஒண்ணு விட்டான். வயித்துக்குள்ள பேட்டரி வச்ச வகைதான் ரெண்டும். எல்எஸ்9க்கு அவன் குடுத்த புத்தகத்துல 'லோ பேட்டரி' ஒரு செய்தி, 'நோ பேட்டரி' இன்னொரு செய்தின்னு தனித்தனியா எழுதியிருக்கான். மொதல் செய்தி டாக்டர் சொல்லுதது. ரெண்டாவது பந்தல்காரன் சொல்லுதது. மொதலாவத பாத்த உடனே டேட்டாவ எடுத்து வெளிய வை, பொறவு சர்வீஸ் ஆளக் கூப்பிடுன்னும் சொல்லுதான். நீ அந்தப் புத்தகத்தப் பிரிச்சிருக்க மாட்ட. ஸ்டாண்டு ஆடுதுன்னு காலுக்கு அண்ட குடுத்திருப்ப.

கணக்கு ஒண்ணு சொல்லுதேன் கேளு. சிஆர்2032னு மேல அடிச்சிருக்கும்லா, அது ஜாதக நம்பரு இல்ல. சி-ன்னா லித்தியத்துல ஒரு வகை, ஆர்-னா வட்டம், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சத்து ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. ஒன் சில்லு 5 மைக்ரோ ஆம்பியர் குடிக்கதுன்னு வச்சுக்கோ. 44,000 மணி நேரம் வரும், அஞ்சு வருசம். கொறச்சுக் குடிச்சா கூட ஓடும். மிக்சர நீ செகண்ட் ஹேண்டுல வாங்கி ஏழு வருசம் ஆச்சு. வித்தவன் எத்தன வருசம் வச்சிருந்தான்னு கேட்டியா? வெல மட்டும் கேட்ட.

இந்த லித்தியத்துக்கு இன்னொரு கொணம் உண்டு. பழைய டார்ச்சு செல்லு மாதிரி மெல்ல மெல்ல மங்காது. கடைசி மட்டும் 3 வோல்ட்ட விடாம பிடிச்சுக்கிட்டு நிக்கும், பொறவு ஒரே விழல். ஒன் பாட்டா போன மாதிரி. முந்தின நாளு வரைக்கும் ரெண்டு தோசை கேட்டாரு. அதனால மீட்டர வச்சு 'மூணு காட்டுது மாமா'ன்னு எங்கிட்ட வராத.

இனி எப்படி மாத்தணும்னா, ஒன் சுபாவத்துக்குத் தக்கனயே சொல்லுதேன். பென் டிரைவுல சேவ் பண்ணாத, அதெல்லாம் பயந்தாங்கொள்ளிய வேல. வட்ட எடுக்கும்போது மிக்சர் ஆன்லயே இருக்கட்டும், ஞாபகம் போகாதுன்னு எவனோ சொல்லியிருப்பான். உள்ள 230 வோல்ட்டு நடமாடுத பவர் சப்ளை பக்கத்துல ஸ்குரூ டிரைவர விட்டு ஆட்டு. வட்டு போர்டோட ஈயம் வச்சுப் பிடிச்சிருந்தா, புதுசுக்க முதுகிலேயே நேரா சூடு போடு. வெடிச்சா தீபாவளி. இரும்புச் சிமிட்டாவால ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடி, மாட்டுததுக்கு முன்னயே அது கொஞ்சம் சத்த விட்டுரும். பிளஸ்ஸ கீழ போடு. கடைக்காரன் தேதி அழிஞ்ச அட்டையில இருந்து எடுத்துத் தந்தா பேரம் பேசி வாங்கு.

கோவப்படாத. இவ்வளவையும் தலைகீழா செஞ்சா மாத்தத் தெரிஞ்சவன் ஆயிருவ. முதல்ல சேவ், பொறவு ஆஃப், பிளக்க உருவு, ஒரு சாயா குடிச்சுட்டு வந்து தொறந்து பாரு. பழசுல என்ன நம்பரோ அதே நம்பரு. 2032க்கு 2450 தம்பி முறையில்ல. ஈயம் வச்ச ஜாதின்னா தகடு காலு வச்ச வட்டே கிடைக்கும். நடுக்கமா இருந்தா கை தெரிஞ்சவங்கிட்ட குடு. மாத்தி முடிச்சதும் தேதியும் மணியும் வை. மிக்சருக்க ஜாதகம் தொடக்கத்துக்குப் போயிருக்கும். கழட்டின வட்ட சில்லறையோட பையில போடாத, டேப்பு ஒட்டி தனியா வை. வீட்டுல ஒன் மவ நாலு காலுல ஓடுதா. அது தொண்டையில நின்னா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்து புண்ணாக்கிரும். இது மட்டும் கேலி இல்ல, கேட்டியா.

ஞாபகம்னா என்னன்னு பாக்கணும்னா நவராத்திரிக்கு வெளிய வந்து நில்லு. பத்மநாபபுரத்துல உடைவாள் கைமாறி, வேளிமலைக் குமாரசாமி வெள்ளிக் குதிரையோட திருவனந்தபுரத்துக்கு, நம்ம ஆரியசாலை அம்மன் கோயிலுக்கு வாறாரு. சரசுவதி கோட்டைக்குள்ள நவராத்திரி மண்டபத்துக்குப் போறா. சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கு. 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மூணு சாமியும் புறப்படுத கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்குப் போச்சு, பத்மநாபபுரம் அரமண மட்டும் கேரளத்து நிர்வாகத்துல நின்னுச்சு. பேனாவால கோடு கிழிச்சுட்டு கையெழுத்துப் போட்டவன் எல்லாம் போய்ச் சேந்தான். இன்னைக்கு வர ஒரு சாமியும் கோயில் மாறிப் போகல. அந்த நவராத்திரி மண்டபத்து மச்சுல மண்பானையக் கவுத்துத் தொங்க விட்டிருக்கான், பாட்டு நல்லா கேக்க. அதுவும் மிக்சர்தான் மருமவனே, வட்டு வேண்டாத மிக்சர்.

சரி, எந்திரி. சாலைக்குப் போய் வட்டு வாங்குததுன்னா, பழம்பொரியும் சாயாவும் ஆகுத காசுதான். அதோட எனக்கும் காது மெஷின் பேட்டரி ஒரு அட்டை வாங்கிட்டு வா. நாப்பது வருசம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில நின்ன காதுலா. நம்பரு... இரி, 675ஆ, 13ஆ? நீல ஸ்டிக்கரா, ஆரஞ்சா? அட்டையில எழுதி வச்சிருந்தேன். அந்த அட்டைய எங்க வச்சேன்? ஒங்க அத்தைகிட்ட கேளு. என்ன? கேக்கல. சத்தமா சொல்லு. மெஷின்லயும் பேட்டரி போயிட்டு போலிருக்கு.