ஆளுக்கு ஒரு தவலை

எங்கள் ஊர்ப் பெரிய சாமி குளிப்பதில்லை. ஏகாம்பரநாதர் மணலால் ஆன பிருத்வி லிங்கம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடுவாரே என்று அபிஷேகமெல்லாம் ஆவுடையாரோடு சரி, லிங்கத்துக்குப் புனுகு சாத்துவதோடு முடிந்தது. கம்பை நதி வெள்ளமாய்ப் புரண்டு வந்தபோது லிங்கத்துக்கு என்ன ஆகுமோ என்று அம்பாள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள் என்பது தலபுராணம். அந்தக் கம்பைதான் இன்றைய வேகவதி என்பார்கள். பெரும்பாலான மாதங்களில் அதில் ஓடுவதைப் பார்த்தால், அம்பாள் அவ்வளவு அவசரப்படத் தேவையில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் கதை நேர்மாறு. அங்கே அத்திவரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் குளத்தை விட்டே வெளியில் வருகிறார். இந்த இருவருக்கும் நடுவில் எங்கேயோ மனுஷன் குளிக்க வேண்டிய அளவு இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அது ஆளுக்கு ஒரு பித்தளைத் தவலை.

கிணறு கொல்லையில் இருந்தது, நாலு வீட்டுக்கும் பொது. இரும்புக் கப்பி, தேங்காய் நார்க் கயிறு. கப்பிக்கு யாரும் எண்ணெய் போடமாட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை வாளி இறைக்கிறார்கள் என்று தெருவுக்கே கணக்கு தெரிய வேண்டாமா? சித்திரை, வைகாசியில் தண்ணீர் கீழே போகப் போகக் கயிறு நீளும். கயிறு நீள நீள எங்கள் உடம்பில் அழுக்கும் குறைந்துவிடும்.

குளிக்கும் முறையை ஆயாதான் வகுத்திருந்தாள். இரண்டு சொம்பு ஊற்றி உடம்பை நனைக்க வேண்டும். அப்புறம் சொம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். சோப்பு போட்டுத் தேய்த்து முடிக்கும்வரை அதைத் தொடக்கூடாது. மிச்சம் இருப்பதில் அலசிக்கொண்டு வெளியே வர வேண்டும். தவறி மூன்றாவது சொம்பு மொண்டால் துணிக்கல்லில் உட்கார்ந்தபடியே குரல் வரும்: “இன்னாடா, ஊர்ல இருக்குற தண்ணியெல்லாம் உனுக்குத்தானா?” குளித்த தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் போகும். அலசல் சரியில்லாத நாளில் வாழைக்கு நுரை கூடுதலாகக் கிடைக்கும். ஆசை தீரக் குளிக்க வேண்டுமானால் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போவோம். எல்லாத் தீர்த்தமும் வந்து சேர்ந்த குளம் அது என்பார்கள். அதில் எவ்வளவு நேரம் ஊறினாலும் தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, செலவில்லை.

உண்மையைச் சொன்னால், எங்களைவிட எங்கள் வீட்டுத் தறிக்கு வந்த பட்டு நூல்தான் நன்றாகக் குளித்தது. சாயப்பட்டறையில் நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுப்பார்கள். பசை போனதும் நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும், பளபளப்பு அப்போதுதான் வரும். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி அலசல். அப்புறம் சாயத்தில் முக்கி மறுபடி அலசல். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த மினுமினுப்பு என்று பெருமை பேசுவார்கள். அந்த ஆற்றில் இப்போது வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். அந்த மணலையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மினுமினுப்பு பற்றிய பேச்சு மட்டும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது எங்கள் தெரு மட்டும் வானம் வெளுக்க வேண்டிக்கொள்ளும். மழையானால் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட முடியாது, கஞ்சி போட்ட நூல் காயாது. ஐப்பசி பிறந்தால் தறிக்குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். அப்பா குழிக்குள் குனிந்து சொம்பு சொம்பாக மொண்டு எடுத்துக் கொடுப்பார், நாங்கள் வாங்கித் தெருவில் கொட்டுவோம். தரை ஈரம் குறைந்து கால் வைக்கும் பதம் வரும்வரை தறி சும்மா நிற்கும், கூலியும் நிற்கும். தண்ணீர் எங்களுக்கு அப்போது விரோதி.

1979-ல் அத்திவரதர் வெளியே வந்தார். அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். அத்தனை பேருக்கும் இறைத்து மாளாமல் அப்பா அரைக்குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைக் கிணற்றடியில் வைத்தார். அன்றோடு தவலைக் கணக்கு முடிந்தது. முடித்துவைத்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் ஆயாதான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிமென்ட் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள் என்றால் சீயக்காய் போகிற வரைக்கும், போன பிறகும், மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பாள். “சுச்சு போட்டா வருது, உனுக்கு இன்னா நோவுது?” அந்தக் காலத்து மனிதர்களின் சிக்கனத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும். சிக்கனம் கயிற்றில் இருந்தது, ஆயாவிடம் இல்லை.

இப்போது தறி இல்லை. குழியை மண் போட்டு மூடி, முன்கூடத்தைத் தடுத்து, அதே இடத்தில் குளியலறை கட்டியிருக்கிறான் மகன். ஒரு காலத்தில் நாங்கள் சொம்பால் தண்ணீரை வெளியேற்றிய இடத்தில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றிய தண்ணீரைத் தலைக்கு மேலே தட்டு மாதிரி ஒரு ஷவரிலிருந்து கொட்டுகிறோம். அதற்கு ரெயின் ஷவர் என்று பேர். நிஜ மழைக்கு 2003-ல் அரசு சொல்லித் தோண்டிய சேகரிப்புக் குழி ஒன்று உண்டு. அதன்மேல் டைல்ஸ் ஒட்டி ஸ்கூட்டர் நிற்கிறது. கீசர் மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இருப்பதால், வெந்நீர் வந்து சேரும்வரை குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போகிறது. வாழை இல்லை.

பேரன் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருபது லிட்டர் பக்கெட்டை ஷவருக்குக் கீழே வைத்து செல்போனில் மணி பார்த்தான். இரண்டு நிமிஷம் ஆவதற்குள் வழிந்தது. மகன் உள்ளே போனால் பத்து நிமிஷம். அமெரிக்காவிலேயே ஷவரில் நிமிஷத்துக்கு ஒன்பதரை லிட்டருக்கு மேல் வரக்கூடாது என்று 1994 முதல் சட்டம் இருக்கிறதாம். 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஐம்பது லிட்டர்தான் என்று கட்டினார்கள். பேரன் ஒரு அட்டை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினான்: நனை, மூடு, சோப்பு போடு, திற, அலசு. இது அமெரிக்கக் கப்பற்படையில் குளிக்கிற முறை என்றான். கப்பலையே பார்க்காமல் செத்துப்போனவள் என் ஆயா.

அட்டைக்கு யாரும் அடங்கவில்லை. 2019 கோடையில்தான் எல்லோரும் அடங்கினோம். சென்னை ஏரிகள் வற்றிக் கிடந்த நேரம் பார்த்து ஜூலை 1-ல் அத்திவரதர் மறுபடி வந்தார். சென்னைச் சொந்தக்காரர்கள் தரிசனத்துக்கு வந்தார்கள். பாதிப் பேர் வந்தது எங்கள் வீட்டில் தலைமுழுக என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஒரு வாரத்தில் எங்கள் போர் காற்று விட்டது. லாரித் தண்ணீர் வந்து இறங்கிய அன்றே பரணிலிருந்து பக்கெட்டும் மக்கும் தாமாக இறங்கின. விலைதான் எங்களுக்குக் கயிறு. ஐப்பசி மழையில் போர் ஊறியதும் இரண்டும் பரணுக்குத் திரும்பின.

போன மாதம் பேரன் பிளம்பரைக் கூப்பிட்டு ஷவர் கழுத்துக்குள் சின்னத் துளை வைத்த பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் போடச் சொன்னான். “பிரஷர் போயிடும் சார், அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகன் வழக்கம்போலப் பத்து நிமிஷம் குளித்து வந்தான், ஒன்றும் தெரியவில்லை. வேளச்சேரியிலிருந்து வந்திருந்த மச்சினன்தான் உள்ளே போன வேகத்தில் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

“மாமா, என்னா இது, தீர்த்தம் குடுக்குற மாதிரி வருது! ஒரு பக்கெட்டும் மக்கும் குடுங்க.”