புதைந்த சக்கரத்தின் அடியில் இடத்தக்கவை: வேடசந்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சக்கரம் உருள்வதைப் பற்றி அறிவுலகம் வேண்டிய அளவு பேசிவிட்டது. உருளாமல் நின்றுபோன சக்கரத்தின் அடியில் எதைச் செருகுவது என்ற கேள்வியை மட்டும் டீக்கடை பெஞ்சுக்கு விட்டுவிட்டது. அந்தக் குறையைக் களையவே இக்கட்டுரை. ஆய்வின் எல்லையை முதலிலேயே வரையறுத்துவிடுகிறேன். டயர் இறங்கி, ஓட்டுநரும் இறங்கி, வழியே போன முதல் ஆள் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, மாட்டிக்கிச்சா?" என்று கேட்கும் கணத்தில் ஆய்வு தொடங்குகிறது. டிராக்டர் வந்ததும் முடிகிறது. டிராக்டருக்குப் பிந்திய காலம் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தது.

களமாக வேடசந்தூரைத் தேர்ந்ததற்குச் சொந்த ஊர்ப் பாசம் காரணமல்ல. இங்கே சிக்குவதற்கான வசதிகள் ஏராளம். கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் வழியாக வந்து, அழகாபுரி அணையைக் கடந்து, கரூர்ப் பக்கம் அமராவதியில் கலக்கும் குடகனாறு ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மணலாகவே கிடக்கும். குறுக்கே இறங்கினால் சுற்றுவழி மிச்சம் என்று எந்த ஓட்டுநருக்கும் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தோட்டத்துப் பாதைகள் செம்மண் குழம்பாகும். கரிசல் கலந்த இடம் என்றால் டயரோடு செருப்பும் போகும். இத்தனைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே வழுவழுவென்று போகிறது. அதில் பறந்து வந்த அதே வண்டி, இறங்கி ஒரு ஃபர்லாங் போவதற்குள் அச்சு வரை உட்கார்ந்துவிடும். புகையிலைக்கு இவ்வூரில் 1948 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. தென்னை மட்டையின் இழுவைத் திறனுக்கு இன்றுவரை இல்லை.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். புறநானூற்றின் 60ஆம் பாட்டில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், புதைந்த உப்பு வண்டியை இழுத்துக் கரையேற்றும் வலிய எருதைச் சோழன் பெருந்திருமாவளவனுக்கு உவமையாக்குகிறார். 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகரான உமணர்கள் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சைப் பேசுகிறார். ஆக, இழுக்க எருது இருந்திருக்கிறது. உடைந்தால் மாற்ற அச்சும் இருந்திருக்கிறது. சக்கரத்தின் அடியில் உமணர் என்ன போட்டார்கள் என்று மட்டும் இரண்டு புலவர்களும் சொல்லவில்லை. அரசனைப் பாட வந்தவர்கள் மட்டையைப் பாடமாட்டார்கள் என்று ஆறுதல் கொள்வோம்.

இனிக் கோட்பாடு. மண்ணின் பிடிமானம் இரண்டு வழியில் வருகிறது. துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்வது ஒன்று. மேலே எடை அழுத்தும்போது அவற்றுக்கிடையே எழும் உராய்வு மற்றொன்று. 1776இல் அச்சான கட்டுரையில் பிரெஞ்சுக்காரர் கூலம் சொன்னது இதைத்தான். காய்ந்த மணலுக்கு ஒட்டு கிடையாது, உராய்வே கதி. ஊறிய கரிசலுக்கு நேர்மாறு: ஒட்டு மட்டுமே, உராய்வு இல்லை என்றே சொல்லலாம். "பின்னாடி ரெண்டு பேர் ஏறி நில்லுங்கப்பா" என்று ஒவ்வொரு களத்திலும் எழும் குரலின் தகுதியை இங்கிருந்தே அளந்துவிடலாம். செருகிய பொருளை டயர் கவ்வ எடை உதவும். வெறும் சகதியில் ஏறி நின்றால் அந்த இருவரும் வண்டியோடு சேர்ந்து இறங்குவார்கள்.

செருகுபொருள்களில் தலையாயது தென்னை மட்டை. வட்டாரத்தில் இதைப் பற்றி இரண்டு பள்ளிகள் உண்டு. நீளவாக்கில் போடுவோர் ஒருபுறம், குறுக்குவாக்கில் அடுக்குவோர் மறுபுறம். நீளவாக்கில் போட்ட மட்டை டயர் சுழன்றதும் பின்னால் பாய்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று தள்ளுகிறவரின் முழங்காலுக்கு நேராகப் போகும். குறுக்கே நெருக்கி அடுக்கினால் டயர் ஏணிப்படி ஏறுவதுபோல ஏறும். குறுக்குப் பள்ளியே சரி என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அதற்குள்ளும் கவிழ்த்துப் போடுவதா, மல்லாத்திப் போடுவதா என்ற கிளைப் பூசல் இருக்கிறது. கவிழ்த்தால் முதுகு வளைவு வழுக்கும். மல்லாத்தினால் குழிவில் சேறு தங்கி மட்டை மண்ணில் பதியும். பதிவதுதானே வேண்டும், மல்லாத்துக. காய்ந்த மட்டை நொறுங்கும் என்பதும், பச்சை மட்டை டயர் தேய்த்த சூட்டில் சாறு விட்டு வழுக்கும் என்பதும் இரு தரப்புக்கும் தெரியும். ஆனாலும் கையில் கிடைத்ததே சிறந்தது என்று இரு தரப்பும் வாதிடும்.

கல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே வழுக்கல், கீழே கெட்டித்தரை என்றால் கல் பிடிக்கும். அடி தெரியாத சகதியில் கல்லைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாம். சாக்கு ஒரு காலத்தில் நல்ல பொருள், சணலாக இருந்தவரை. இப்போது உரமும் தீவனமும் பிளாஸ்டிக் சாக்கில் வருவதால் அதை விரிப்பது சேற்றின் மேல் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். அதிலேயே மணலை அள்ளி அடைத்து மூட்டையாகப் போட்டால் வேறு கதை. சோளத்தட்டை கட்டுக் கட்டாகப் போட்டால் அருமையாகப் பிடிக்கும், ஆனால் அது மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியது. போர்க்காரர் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் கூடாது. சீமைக்கருவேல் கொப்பு பிடிப்பில் முதலிடம். பஞ்சரிலும் முதலிடம்.

எதைப் போடுவது என்பதைவிட எந்தச் சக்கரத்துக்குப் போடுவது என்பதில்தான் அறிஞர் பலர் சறுக்குகிறார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றிப்போகும் பிக்கப்புக்கும் சின்ன யானைக்கும் இழுவை பின் சக்கரத்தில். அதிலும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு, எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுமோ அதையே சுற்றவிடும். கெட்டித்தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்க, குழியில் கிடப்பது கிறுகிறுவென்று சுற்றிக் குழியை ஆழமாக்கும். செருக வேண்டியது அந்தச் சுற்றுகிற சக்கரத்துக்கு. ஆனால் கூடியிருப்பவர்களின் கண்ணுக்கு முன் சக்கரமே தெரிவதால், பாதி மட்டை அங்கே போய்ச் சேருகிறது. வேலையில்லாத சக்கரத்துக்கு விரிப்பு போடும் இந்த மரபை மேலும் ஆராய்வோர் நம் அலுவலகங்கள் பக்கமும் போய்வரலாம்.

வெளிநாட்டுத் தரவுக்கு வருவோம். 1920களின் கடைசியில் எகிப்து, லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிப்போன ஆங்கில ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்டு, கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில் நீண்ட இரும்பு வாய்க்கால் தகடுகளைக் கண்டெடுத்தார். முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரையாகச் செய்யப்பட்டவை. அவற்றைச் சக்கரத்துக்கு முன்னால் மணலில் பதித்துத்தான் மணல்மேடுகளைத் தாண்டினார். பிறகு 1941இல் மணலின் இயற்பியல் பற்றிப் புத்தகமே எழுதினார். அதே 1941இல் அமெரிக்காவின் மார்ஸ்டன் என்ற ஊரில், தற்காலிக விமான ஓடுபாதை போட, துளையிட்ட எஃகுப் பலகைகள் சோதிக்கப்பட்டன. 10 அடி நீளம், 15 அங்குல அகலம். போர் முடிந்ததும் அதை வெட்டி எடுத்துக்கொண்டு சகாராவுக்குக் கிளம்பியவர்கள் பலர். ஆக, அங்கேயும் பழைய இரும்புக் கடையே பல்கலைக்கழகம். சக்கரத்தின் அடியில் கிடப்பதற்கென்றே பிறந்த நைலான் பலகை பிறகு வந்தது; 2005இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் கொண்டுவந்த ஆரஞ்சு நிறப் பலகைதான் பிரபலம்.

அந்தப் பலகையை மட்டம் தட்டுவது ஆய்வறம் ஆகாது. ராத்திரியில் ஆற்றுக்குள் தனியாக இறங்குகிற பழக்கமுள்ளவர் வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது ஒரு மீட்டருக்குக் குறையாத நீளம் பாருங்கள். டயர் ஏறிய வேகத்திலேயே வெளியே வர அந்த நீளம் தேவை. வளைந்து நிமிர வேண்டும், முறியக் கூடாது. முனையில் கைப்பிடித் துளை இருக்கட்டும். ஆரஞ்சு நிறம் அழகுக்கல்ல. வண்டி கடந்ததும் பலகை மணலுக்குள் போய்விடும், தேட வேண்டும். ஒரு கயிற்றைக் கட்டி விடுவது இன்னும் நல்லது. ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், டயர் சும்மா சுற்றினால் பலகையின் பற்கள் உருகிவிடும். இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது, மண்வெட்டியால் டயருக்கு முன்னே சரிவாகத் தோண்டுவதும், மணல் என்றால் காற்றை 35இலிருந்து 18 போல இறக்குவதும். டயர் தட்டையாகித் தரையில் படும் பரப்பு நீளும். பலகையைக் கையில் எடுக்காமலே பாதிப் பேர் வெளியே வந்துவிடுவார்கள். பலகை விற்கிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

ஆனால் பலகைக்கு ஒரு குறை உண்டு. அது ஆளைக் கூட்டாது. மட்டை வேண்டுமென்றால் தோப்புக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்போது மருமகன் வருவார், மருமகன் வந்தால் அருவாள் வரும், பின்னாலேயே, "போன மாசம் இதே எடத்துல மில் வேன் மாட்டுச்சு" என்று முன்மாதிரி வழக்கு சொல்லும் பெரியவரும் வருவார். அரைமணியில் எட்டுத் தோள் தயார். வண்டியை உண்மையில் வெளியே எடுப்பது அந்தத் தோள்கள்தான். மட்டை அவர்களை அழைத்துவந்த கருவி. எனவே செருகுபொருளைத் தேர்வதற்கான முதல் அளவுகோல் உராய்வு அல்ல, அதைக் கொண்டுவர எத்தனை பேரை எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதே. 2009இல் செவ்வாய்க் கோளில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி இளமண்ணில் புதைந்தது. பல மாதம் பூமியிலிருந்து திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்து, 2010 தொடக்கத்தில் அது இனி நகராது என்று அறிவித்தார்கள். கணக்கு, பொறியியல் எதிலும் குறைவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்தான் இல்லை.

ஒரு செயல்முறைக் குறிப்பு. வண்டி ஏறியதும் அப்படியே போய்விடாமல், சகதியில் கிடக்கும் மட்டைகளைப் பிடுங்கி வரப்போரம் போட்டுவிட்டுப் போக வேண்டும். பெட்ரோல் காசு கொடுத்தால் தோப்புக்காரர் வாங்கமாட்டார். ஆனால் பாதையில் விட்ட மட்டையில் அவருடைய டி.வி.எஸ். எக்ஸெல் பால் கேனோடு சறுக்கினால், அடுத்த முறை நீங்கள் எந்த நிறப் பலகையோடு வந்தாலும் கேட் திறக்காது.