ஒப்புக்குச் சப்பாணிக் கோட்பாடு: நடக்காத ஆட்டங்களின் வெற்றி தோல்வி குறித்து மாட்டுங்கா, தாராவி, செம்பூர்த் தமிழரிடையே ஓர் ஆய்வு

நடந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவது பத்திரிகைக்காரர் வேலை. நடக்கவே வழியில்லாத ஆட்டத்தைப் பற்றி எழுதுவதுதான் ஆராய்ச்சி. இவ்வேறுபாடு விளங்காதவர்கள் மேற்கொண்டு படித்துத் தம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆய்வுப்பொருள் வருமாறு: மும்பைக்காக எக்காலத்திலும் ஆடிய கிரிக்கெட் வீரர்களிலிருந்து பதினொருவரை ஒருவர் பொறுக்குகிறார், தமிழ்நாட்டுக்காக ஆடியவர்களிலிருந்து பதினொருவரை இன்னொருவர் பொறுக்குகிறார். இவ்விரு அணிகளும் மோதினால் வெல்வது எது? ஆய்வுக்களங்கள் மூன்று. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஞாயிறு காலை கஃபே மெட்ராஸ் முன்னால் நிற்கும் வரிசை, தாராவியின் தொண்ணூறடிச் சாலை, செம்பூர் முருகன் கோயில் வாசல். தரவுகள் யாவும் நின்றபடியே திரட்டப்பட்டன.

இத்துறை அமெரிக்காவில் பிறந்தது என்று அமெரிக்கர்கள் நம்புகிறார்கள். 1980இல் டேனியல் ஓக்ரன்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பேஸ்பால் வீரர்களைத் தங்களுக்குள் ஏலம் எடுத்துக் கற்பனை அணிகள் நடத்தத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட ரோட்டிசரி என்ற உணவகத்தின் பெயரே அந்த விளையாட்டுக்கும் ஆயிற்று. பிறகு அது கூடைப்பந்துக்கும் பரவியது. கஃபே மெட்ராஸ் 1940இலிருந்து நடக்கிறது. ஆகவே மாட்டுங்கா மரபு நாற்பது ஆண்டு மூத்தது என்பது என் துணிபு. சான்று கேட்பவர்கள் கிங்ஸ் சர்க்கிள் வந்து எண்பது வயது தாண்டிய எவரையும் விசாரிக்கலாம். விசாரித்துவிட்டு உடனே கிளம்ப முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கூடைப்பந்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று செம்பூர் இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாட்டுங்காவிலேயே இந்தியன் ஜிம்கானா திடல் இருக்கிறது. டான் பாஸ்கோ பள்ளியில் சாவியோ கோப்பை நடக்கிறது. ஜோர்டான் தலைமையில் ஐவர், ஸ்டெஃப் கறி தலைமையில் ஐவர் என்று பிரித்து அவர்களும் இரவெல்லாம் வாதாடுகிறார்கள். ஆனால் 2019 அக்டோபரில் வொர்லியில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டினேன். இந்தியானா பேசர்ஸ், சாக்ரமென்டோ கிங்ஸ் என்ற இரண்டு என்பிஏ அணிகள் அங்கே வந்து அடுத்தடுத்த இரண்டு நாள் ஆடின. முதல் நாள் கூடுதல் நேரம் வரை இழுத்துப் பேசர்ஸ் 132-131 என்று ஒரே புள்ளியில் தப்பியது. மறுநாள் அதே அணி, அதே எதிரி, அதே தளம்; 130-106. ரத்தமும் சதையுமாக வந்து நின்ற அணிகளே ஒரே இரவில் இப்படி மாறினால், காகித அணிகளுக்கு யார் உத்தரவாதம்? இளைஞர்கள் பதில் சொல்லவில்லை. செல்பேசியைப் பார்த்தார்கள்.

பிற ஆய்வாளர்கள் தவறவிட்ட ஒன்று: தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்ற பாகுபாடு இவ்விவாதத்துக்கு அப்படியே பொருந்துகிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும், அதாவது எந்தத் திடல், எந்த ஆண்டு என்பது. கருப்பொருள் பந்து, மட்டை, மெதுவடை. உரிப்பொருள் ஊடல் ஒன்றே. கூடலுக்கு இத்திணையில் இடமில்லை.

வாதத்தின் முக்கால் பங்கு முதற்பொருளிலேயே கரைந்துவிடுகிறது. வான்கடே என்றால் ஒரு பக்கம் எழுந்து போகிறது, சேப்பாக்கம் என்றால் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ரயில் நிற்கும் குண்டக்கல்லில் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் பேசியவரை இரு தரப்பும் சேர்ந்து விரட்டின. பொழுது இன்னும் சிக்கல். மும்பையின் விஜய் மெர்ச்சன்ட் 1987 அக்டோபரில் காலமானபோது நம் அஸ்வினுக்கு வயது ஒன்று.

"மாமா, அஸ்வினோட கேரம் பாலை மெர்ச்சன்ட் கண்ணாலயே பார்த்ததில்லையே, எப்படி ஆடுவார்?"

"அம்பி, ரஞ்சியில அவரோட சராசரி 98க்கு மேல. அவரைப் பார்த்ததும் கேரம் பால் நேராப் போயிடும்."

இதை மாட்டுங்கா மரபின் வாதமுறை எனலாம். தாதர் யூனியன் திடல் பக்கத்திலேயே இருக்க, கவாஸ்கரும் வெங்சர்க்காரும் வெள்ளை உடையில் நடந்துபோனதைப் பார்த்த கண்களுக்கு வேறு சான்று எதற்கு?

தாராவி மரபு உணர்ச்சிவசப்பட்டது. அங்கே தாத்தா திருநெல்வேலிக்காரர், பேரன் சயான் கோலிவாடாவில் பிறந்தவன். தொண்ணூறடிச் சாலையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் அவர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "ரஞ்சின்னா நம்ம ஊரு. ஐபிஎல்னா இந்த ஊரு. ரெண்டும் தோத்துச்சுன்னா அன்னைக்கு டிவி ரிப்பேரு" என்றார். இத்தனை தெளிவான நிலைப்பாட்டை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

செம்பூருக்கு ஒரே பிரச்சினை: ஷ்ரேயஸ் ஐயர். தகப்பனார் தமிழர், பிள்ளை ஆடுவதோ மும்பைக்கு. ரத்தத்தைப் பார்த்தால் ஒரு பக்கம், ரஞ்சிப் பதிவேட்டைப் பார்த்தால் மறுபக்கம். ஐபிஎல்லில் டெல்லி எடுத்தது, கொல்கத்தா எடுத்தது, 2024 ஏலத்தில் பஞ்சாப் 26.75 கோடி கொடுத்து எடுத்தது. மும்பையும் சென்னையும் மட்டும் தொடவில்லை. செம்பூரின் மனத்தாங்கலுக்கு இரண்டு ஊரும் பொறுப்பு.

இவ்விடத்தில் சட்டம் பற்றி ஒரு சொல். காசு கட்டி இணையத்தில் ஆள் பொறுக்கும் வியாபாரத்தை இதே மும்பையிலிருந்துதான் ட்ரீம்11 நாடெங்கும் நடத்திவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்குத் தடை போட்டது. வாயால் பொறுக்கத் தடையில்லை என்று ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் வரிசையில் நின்றபடியே கருத்துரை வழங்கினார். கட்டணம் வாங்கவில்லை.

இனி என் கோட்பாடு. ஆள் பிரிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் கவாஸ்கர், டெண்டுல்கர், மெர்ச்சன்ட். அந்தப் பக்கம் அஸ்வின், வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த். முதல் ஐந்து பெயருக்குச் சண்டை உண்டு, ஆறிலிருந்து எட்டுவரை முனகல் உண்டு. ஒன்பதாவது பெயருக்குள் மேசை காலியாகிவிடுகிறது. உள்ளே போகும் அவசரத்தில் மிச்ச இடங்களில் யாரையாவது போட்டு நிரப்புகிறார்கள். நம் தெருவில் இவர்களுக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். மராத்திப் பிள்ளைகள் கச்சா லிம்பு என்பார்கள். நடக்காத ஆட்டத்தை வெல்வது இவர்களே என்பது என் கருதுகோள்.

சான்றுகள் பல. அமெரிக்காவில் 2014இல் என்பிஏ அணிகள் புதிய வீரர்களைப் பொறுக்கியபோது நிகோலா யோகிச் என்ற செர்பியர் 41ஆவதாக அழைக்கப்பட்டார். அப்போது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாளில் மூன்று முறை அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் ஆனார்.

அதைவிட வலுவான சான்று நம் சேப்பாக்கத்திலேயே கிடக்கிறது. 1972-73 ரஞ்சி இறுதி. பந்து சுழலும் மண், தமிழ்நாட்டின் பக்கம் வெங்கட்ராகவனும் வி.வி.குமாரும். மும்பையை 151க்குச் சுருட்டினார்கள். பதிலுக்குத் தமிழ்நாடு 80. மறுபடி மும்பை 113, தமிழ்நாடு 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துபோனது. செய்தவர் பத்மாகர் ஷிவல்கர். 16 ஓட்டத்துக்கு எட்டு, 18க்கு ஐந்து. வாழ்நாளில் ஒரு டெஸ்ட்கூட ஆட வாய்ப்பு வராதவர். எந்தக் கற்பனை அணியிலும் இவர் பெயர் பத்துக்கு முன்னால் வருவதில்லை. பல பட்டியல்களில் வருவதே இல்லை.

அடுத்தது 2024 மார்ச் அரையிறுதி. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் வரும் பாந்த்ரா குர்லா வளாகத் திடல். தமிழ்நாடு 146. மும்பையும் 106க்கு ஏழு விக்கெட் இழந்து தள்ளாடியது; பெயர் பெற்றவர்கள் எல்லாம் பெவிலியனில். ஒன்பதாவதாக வந்த ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார். அவருக்கும் பின்னால் வந்த தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89. மொத்தம் 378. இன்னிங்ஸும் 70 ஓட்டமும் வித்தியாசத்தில் தமிழ்நாடு தோற்றது. டாஸ் வென்று முதலில் ஆடியதே தவறு என்று பகிரங்கமாகக் குறைப்பட்ட அன்றைய தமிழ்நாட்டுப் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்னி, பிறப்பால் வளர்ப்பால் மும்பைக்காரர். ஒப்புக்குச் சப்பாணிகளின் அருமை மும்பைக்காரருக்கே தெரியும் போலும்.

மறுப்பும் வந்தது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டே என்றார்கள். உண்டு. வி.வி.குமார் முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தவர், ஷிவல்கரோ 589. குமார் ஆடிய டெஸ்ட் இரண்டே. பந்துவீச்சுச் சப்பாணிகளில் நாம் பத்து விக்கெட் முந்தியே இருக்கிறோம். ஓட்டம் எடுக்கும் சப்பாணிதான் நம்மிடம் இல்லை. 80, 61, 146 என்ற எண்களைத் திரும்பப் பார்த்தால் இது தெரியவரும். மும்பை 42 முறையும் தமிழ்நாடு இரண்டே முறையும், 1954-55லும் 1987-88லும், ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியதற்கு வேறு காரணங்களைப் பிறர் ஆராயட்டும்.

பட்டிமன்ற நடுவராக இருந்திருந்தால் இரண்டு அணியும் இரு கண்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு ரயிலேறியிருப்பேன். ஆய்வாளனுக்கு அந்த வசதி கிடையாது. தீர்ப்பு: வான்கடேயில் நடந்தால் நான்கு நாளில் மும்பை; சேப்பாக்கத்தில் நடந்தால் மூன்றே நாளில் மும்பை. ஏற்காதவர்கள் தாராளமாக வாதாட வரலாம். வரும்போது தங்கள் அணியின் பதினோராவது பெயரை முதலில் எழுதிக்கொண்டு வரவும்.