150 லிட்டரும் நாலு எலுமிச்சம்பழமும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் பானட்டைத் திறந்து பார்த்து வாங்குகிறான். டிக்கியை அவன் திறந்து பார்ப்பது, அந்த வண்டியில் நாடு விட்டு நாடு போகலாம் என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான்.

என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறை. பழைய வண்டி. டிக்கியின் கொள்ளளவு 150 லிட்டர். ஊருக்குப் போகும்போது நாங்கள் விமானத்தில் ஏற்றுகிற பெரிய பெட்டி ஒன்றே 100 லிட்டர் பிடிக்கும். அந்தப் பெட்டியை இந்த டிக்கியில் வைத்துப் பார்த்தேன், மூடி மூடவில்லை. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, உலகிலேயே அதிகம் விற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம்பிடித்து, 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்ட வண்டி இது. வாங்கிய பத்து லட்சம் பேரும் மாற்றுத் துணியை எங்கே வைத்தார்கள் என்பது மட்டும் எந்த விளம்பரத்திலும் இல்லை.

திட்டம் என்னவோ பிரமாதம். லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டன். அங்கே காரோடு ரயிலில் ஏறினால் கடலுக்கடியில் 35 நிமிடம், பிரான்ஸின் கலே. ரெய்ம்ஸ், ஜெர்மனியின் கருங்காடு, சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாய், கடைசியில் இத்தாலியின் ஸ்டெல்வியோ: 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஃபுர்காவில்தான் 1964-இல் 'கோல்டுஃபிங்கர்' படத்துக்காக ஷான் கானரி ஆஸ்டன் மார்ட்டினில் போனார். அவருக்கென்ன, டிக்கியில் புளியோதரை இல்லை.

முதலில் மெக்கானிக். யாழ்ப்பாணத்துக்காரர், என் அப்பா வயது. வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு, "தம்பி, உதிலயோ இத்தாலிக்குப் போறியள்?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு பேரும் போறியளோ, இல்லாட்டி உடுப்பை அனுப்பிப்போட்டு நீங்கள் பிளேனில போறியளோ?"

சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்ன விஷயம் சிரிப்பானது அல்ல. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். லண்டன் நெரிசலில் அது தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தால் சூடேறி, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிவிடும். ஆவி அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும் தம்பி. நீங்கள் கழுவுறதைத்தான் வடிவாச் செய்யிறியள்." டயரின் ஓரத்தில் அச்சிட்டிருந்த நான்கு இலக்க எண்ணையும் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: டயர் பிறந்த தேதி. மிதிதடம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தாலும், ரப்பருக்கு வயதாகியிருந்தது. நாலையும் மாற்றினோம். ஸ்டெப்னியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்காதீர்கள். இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாது. ஒரு பாட்டில் பசையும் காற்றடிக்கக் கையடக்க மோட்டாரும்தான் கொடுத்திருக்கிறார்கள். மீதி கடவுள் விட்ட வழி.

கார் தயாராகிவிட்டது என்று நினைத்தபோது ஸ்டிக்கர்கள் ஆரம்பித்தன. பின்னால் ஒட்டியிருந்த 'ஜிபி' என்ற முட்டை வடிவ ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. இப்போது 'யுகே' வேண்டும். முன்னால் ஹெட்லைட். பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டுவதால் விளக்கின் ஒளி இடது ஓரமாகச் சாயும். கலேயில் இறங்கி வலப்பக்கம் ஓட்டும்போது அதே ஒளி நேராக எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதைத் தடுக்க விளக்குக் கண்ணாடியின் குறிப்பிட்ட இடத்தில் ஒரு துண்டு ஒட்ட வேண்டும். ஜெர்மன் நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் நுழையப் பச்சை நிற ஸ்டிக்கர். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் கொடுத்து வருட ஸ்டிக்கர். ஒரு நாள் ஓட்டினாலும் அதே 40 தான். இன்னும் ரெண்டு நாடு சேர்த்திருந்தால் கண்ணாடி வழியாகச் சாலை தெரிந்திருக்காது.

ஸ்டிக்கருக்காவது இடம் வேண்டாம். பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணம் கட்டாயம். பளபளக்கும் மேல்சட்டையும் கட்டாயம். அதை டிக்கியில் போட்டு வைக்கக் கூடாது, இறங்குவதற்கு முன் மாட்டிக்கொள்ளும்படி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த வண்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மனைவி மட்டுமே. அவள் அந்தச் சட்டையை மடித்து முதுகுக்கு அண்டை கொடுத்துக்கொண்டாள். சீட்டைவிட அதுதான் சௌகரியம் என்று பிறகு சொன்னாள்.

நான் ஸ்பேனர் செட், இழுவைக் கயிறு, பேட்டரிக்கான கம்பி, இரண்டு டார்ச் என்று அடுக்கிக்கொண்டே போக, அவள் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "இதுல எதையாவது என்னைக்காவது யூஸ் பண்ணியிருக்கியா?"

"எமர்ஜென்சிக்கு."

"எமர்ஜென்சிக்குத்தான் ஃபோன் இருக்கே."

ஐரோப்பிய உதவிச் சேவைக்குப் பணம் கட்டிய ரசீது ஸ்பேனரைவிட எடை குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. பெட்டிக்குப் பதில் சக்கரமில்லாத துணிப்பைகள். சுருட்டினால் சுருளும் பொருளுக்கு மட்டுமே விசா.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தமிழன் 1,300 கிலோமீட்டர் போகும்போது தயிர் சாதம் கட்டாமல் போவானா? போக வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதற்குப் பிறகு, 2021 ஜனவரி முதல், அங்கிருந்து ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகத் தடை. தயிர் போயிற்று. நெய் போயிற்று. கேக், பிஸ்கட், மிட்டாய்க்கு விலக்கு உண்டு என்பதால் மைசூர்பாகை மிட்டாய்க் கணக்கில் சேர்த்து வாதாட நான் தயாராகவே இருந்தேன். வாதத்தைப் பிரெஞ்சில் வைக்க வேண்டும் என்பதுதான் தடுத்தது. மைசூர்பாகைக் கிளம்புமுன் வீட்டிலேயே தின்று தீர்த்தோம்.

பச்சைக் காய்கறி, பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதில் ஐந்து பழங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. பட்டியலை நிறுத்தி இன்னொரு முறை படித்தேன். தேங்காயும் வாழைப்பழமும்! ஐரோப்பிய ஒன்றியம் அர்ச்சனைத் தட்டுக்குத் தடை போடவில்லை. வெற்றிலையைத்தான் விடமாட்டார்கள்.

எலுமிச்சையையும் விடமாட்டார்கள். இந்தச் செய்தியைத் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் சொன்னேன்.

"என்னல சொல்லுத? நாலு எலுமிச்சம்பழம் கொண்டு போறதுக்கு அவனுக்கு என்னவாம்?"

"செடிக்கு நோய் வந்துரும்னு பயப்படுறாங்கம்மா."

"அப்ப வீட்டு வாசல்லயே சக்கரத்துக்கு அடியில வச்சு நசுக்கிட்டுக் கிளம்பு. சாறு ஒட்டிட்டுப் போச்சுன்னா அவன் என்ன செய்வான்? அது சரி, நானும் அப்பாவும் அங்க வந்தா இந்தக் கார்ல எங்கல உக்காருவோம்?"

முதல் யோசனை சட்டப்படி சரி. இரண்டாவது கேள்விக்கு சிக்னல் போய்விட்டது.

வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றலாம். சொல்ல அதிகமில்லை. பிரெஞ்சு நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. வேகக் கேமராவைக் காட்டிக்கொடுக்கும் கருவி பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் குற்றம்; ஜிபிஎஸ் வழிகாட்டியில் அந்த வசதியை அணைத்தாக வேண்டும். மிக மோசமான வேகத்துக்குச் சுவிஸ்காரர்கள் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுவார்கள். எனக்கு அதில் சலுகை கிடைக்கும் என்பதே ஒரே ஆறுதல். ஜெர்மனியின் ஆட்டோபானில் சில இடங்களில் எல்லையே இல்லை, ஆனால் வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றால் அதற்கு அபராதம். மலையிலோ முன்னால் சைக்கிள்காரர்கள்.

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால் இரண்டே விஷயம் சொல்கிறேன். ஸ்டெல்வியோ குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். மே கடைசிக்கு முந்தைய தேதிக்கு ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். அடுத்தது, பிரிட்டன் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம், பிரெஞ்சுச் சுங்கச்சாவடிகள் இருப்பதோ இடப்பக்கம். தாழ்ந்த சீட்டிலிருந்து எக்கி, மேலே இருக்கும் இயந்திரத்தில் கார்டை நுழைக்கப் போவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். திரும்பிக் கலே வந்து சேரும் வரையாவது அவரோடு சண்டை போடாதீர்கள்.