முதுகு ஏன் பிடித்துக்கொள்கிறது?

கேள்வி: தண்ணீர் கேனைத் தூக்கினேன், சுரீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. தினமும் தூக்கும் கேன்தானே, இன்று மட்டும் ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: கேனின் எடை கூடவில்லை, முதுகின் பொறுமை தீர்ந்துவிட்டது! 20 லிட்டர் என்றால் 20 கிலோ. முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, போதாக்குறைக்கு உடம்பைத் திருப்பியும் தூக்கினால், பாரமெல்லாம் கீழ்முதுகுத் தசையில்தான் இறங்கும். நாள் முழுக்க நாற்காலியே கதி என்று இருப்பது, வயிற்றுத் தசைகள் வலுவிழப்பது, வியர்வையில் நீரும் உப்பும் குறைவது, டிஸ்க் பிதுங்குவது ஆகியவையும் காரணமாகலாம். நோகும் இடம் மேலும் அசையக் கூடாதென்று தசை தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. காவலுக்கு வந்தவரே கழுத்தைப் பிடித்த கதைதான்!

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்காதீர்கள், மெல்ல நடமாடுங்கள். இனி கேனருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதை நெஞ்சோடு அணைத்து, கால் பலத்தில் எழுந்திருங்கள்.

காய்ச்சல் சேர்ந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ தைல பாட்டிலை மூடிவையுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். இந்த விஷயத்தில் பொறுமை காட்டவே வேண்டாம்.