சிரட்டைக் குதிரை

வாலே பேராண்டி, இந்தத் தார்சாவுல உக்காரு. மெட்ராசுல சீரியலுக்குச் சத்தமும் வசனமும் நீதான் பாக்கியாம்லா, ஊரே பேசுது. நானும் உங்க ஆச்சியும் ராத்திரி எட்டரைக்குத் தப்பாம பாக்கோம். அவ அழுவா, நான் உறங்குவேன். காது உறங்காதுல்லா, அதான் சொல்லுதேன்.

மொதல்ல அந்த இடி. மாமியாக்காரி "நீயா?"ன்னு திரும்புன ஒடனே மின்னலும் இடியும் சேந்து விழுது, அதுவும் மூணு தடவ. ஏலே, சத்தம் விநாடிக்கு 340 மீட்டர்தான் ஓடும்னு பத்தாங்கிளாசுல நீதான கத்திக் கத்திப் படிச்ச? மின்னல் வெட்டி மூணு எண்ணுன பெறவு இடிச்சா, அது ஒரு கிலோமீட்டர் தள்ளி. காயப்போட்ட வத்தல நான் அதுக்குள்ள அள்ளிருவேன். ரெண்டும் ஒண்ணா வந்தா இடி தலைக்கு மேலதான். அந்தப் பொம்பள கரிக்கட்டையால்லா ஆயிருக்கணும்? மறுநாளும் பட்டுச்சேலையோட வந்து நிக்கா.

படுக்கும்போதும் பட்டுதான், ரெண்டு கை நெறைய வளையல். ஆனா ஒரு சரசரப்பு உண்டா, கலகலப்பு உண்டா? கேட்டா, சேலை மைக்குல ஒரசும் தாத்தா, அதனால டப்பிங்குல பேசிக்கிடுதோம்ங்க. பேசு, யாரு வேண்டாம்னா? கெணத்தடியில நிக்கவ கூப்பிடுத குரலும், காதுகிட்ட குசுகுசுக்கவ குரலும் ஒரே கனத்துல வருதே. எட்ட இருந்து வார குரல் மெலிஞ்சு, செவுத்துல மோதி, பாதி காத்தோட போயில்லா வரும். தூரத்த எங்கலே தொலைச்சிய?

அந்தச் சிரட்டைக் கதையச் சொன்னியே, அது அருமை. அமெரிக்காவுல ஜாக் ஃபோலேன்னு ஒருத்தர், தெரையில படத்த ஓடவிட்டு, அதுக்குத் தக்கன தானே நடந்து சத்தம் பிடிச்சாராம். அவரு பேருதான் அந்த வேலைக்கே. பனியில நடக்கதுக்குச் சோளமாவு, எலும்பு முறியதுக்குச் செலரித் தண்டு, குதிரை ஓடுததுக்குத் தேங்காச் சிரட்டை. பாவம், உங்க ஆச்சி ஒரு குதிரைப் பட்டாளத்தையே வெந்நி அடுப்புல வச்சு எரிச்சிட்டா.

வசனத்துக்கு வாரேன். "அண்ணா, பத்து வருசத்துக்கு முன்னால நம்ம அப்பா தூத்துக்குடியில எறந்தப்ப"ங்கான் தம்பிக்காரன். கோட்டிக்காரப் பயலே, கொள்ளி வச்சவனே அந்த அண்ணன்தான? அவன்ட்ட போயி எழவு சொல்லுதான்! வீட்டுல அப்பிடியா பேசுதோம்? வரப்புத் தகராறுல எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஏழு வருசம் பேச்சுவார்த்தை இல்ல. ஒருநா சாயங்காலம் சித்தப்பா படியேறி வந்து, "மழை வரும்போல"ன்னாவ. அப்பா "ம்"ன்னாவ. பெறவு உள்ள பாத்து, "எல, ஒரு எலை கூடப் போடச் சொல்லு"ன்னாவ. அம்புட்டுதான், ராசியாயாச்சு. உன்ட்ட குடுத்திருந்தா நாப்பது எபிசோடு, வயலின் தனி. இன்னொண்ணு, திருநெல்வேலிக்காரன்னா வரிக்கு ஒரு "ஏலே" போட்டாப் போதும்னு நெனைக்காத. நான் போடுவேன், எனக்கு எம்பது வயசு.

ஒவ்வொரு அறையிலயும் எல்லாரையும் வாய மூடச் சொல்லி, அந்த வெறும் அமைதிய அர நிமிசம் பிடிச்சு வச்சுக்கிட்டு, வெட்டி ஒட்டுத எடத்துல அடியில விரிப்போம்னியே. நல்ல காரியம். உங்க அத்தை வீட்டுக்கு மட்டும் அதுக்காகப் போயிராத.

காலையில பட்டாசல்ல மைக்க வச்சுட்டு, உர்ருங்குதுன்னு பிரிட்ஜ நிறுத்துனியே, திருப்பிப் போட்டியா? மறக்காம இருக்க வண்டிச் சாவிய அதுக்குள்ளயே வச்சிருவாவளாமே உங்க ஆளுவ. நீ பஸ்ஸுலல்லா வந்த.

இப்ப அடுக்களையில ணங்குன்னு ஒரு செம்பு வச்ச சத்தம் கேட்டுதா? பால் திரிஞ்சு போச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டா. மைக்க எடுத்துக்கிட்டுப் பையப் போ. தாத்தாவுக்குக் காப்பி வேண்டாமாம்னு சொல்லிரு.