போச்சு லா!

“என்ன மாமா, இன்னைக்கு ஜெயிச்சிருவமா?” என்று லீட்ஸ் மாமாவிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. புறப்படுகிறவரை “எங்கே?” என்று கேட்கிற பாவம் அது. ஆட்டத்துக்கு முன்னால் அவரிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: “போச்சு லா. எல்லாம் போச்சு.” போச்சு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தால் போகாது என்பது மாமா கண்ட சூத்திரம். குழந்தை கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டு மாதிரி.

கிள்ளானில் தடுக்கி விழுந்தால் லிவர்பூல் ரசிகர் மேல் விழலாம். சுதாரித்து எழுந்தால் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர் மேல் முட்டிக்கொள்ளலாம். இந்த நெரிசலில் வட்டாரத்துக்கு ஒருவராக ஒரு லீட்ஸ் மாமா இருப்பார். எங்கள் மாமா 1974இல் பள்ளிக்கூடப் பையன். லீட்ஸ் அந்த வருஷம் இங்கிலாந்துக் கால்பந்து லீக் பட்டம் வாங்க, ஜெயிக்கிற அணி என்று நம்பிப் பிடித்துக்கொண்டார். மறு வருஷமே பாரிஸில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். பாயர்ன் மூனிக்கிடம் 0–2. லீட்ஸின் லோரிமர் அடித்த கோலைச் செல்லாது என்றார் நடுவர். நிலத் தகராறில் தம்பியை மன்னித்துவிட்ட மாமா, அந்த நடுவரை இன்னும் மன்னிக்கவில்லை.

2004இல் லீட்ஸ் மேல்நிலை லீக்கிலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே வர 16 வருஷம். “அதுக்குள்ள வேற டீம் பாத்திருக்கலாமே மாமா?”

“பொண்டாட்டிக்கு உடம்புக்கு முடியலன்னா மாத்திருவியாடா?” என்பார். மாமி பக்கத்தில் இருந்தால் உவமை மாறும்.

மாமாவை முழுசாகப் பார்க்க 2022 மே 22 ஞாயிற்றுக்கிழமை எங்களோடு இருந்திருக்க வேண்டும். பருவத்தின் கடைசி ஆட்டம், அதுவும் லண்டனில், பிரென்ட்ஃபோர்ட் திடலில். கீழே இறங்க வேண்டிய மூன்று அணிகளில் இரண்டு முடிவாகிவிட்டன. மிச்சமிருந்த இடம் லீட்ஸுக்கா பர்ன்லிக்கா என்பதுதான் வழக்கு. இரண்டுக்கும் 35 புள்ளி. கோல் வித்தியாசத்தில் லீட்ஸ் 20 கோல் மோசம்.

காலையில் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் மாமா முணுமுணுத்தது மாமி காதில் விழுந்தது: “நாங்க ஜெயிக்கணும்னு கேக்கல, பெருமாளே. பர்ன்லி தோத்தா போதும்.” தன் வெற்றியைக் கேட்பது பேராசையாம், அடுத்தவன் தோல்வியைக் கேட்பது அடக்கமாம். கார் வரைக்கும் வந்தவர் நின்று விரல்விட்டு எண்ணினார். எண்ணிவிட்டு உள்ளே ஓடினார். “நாங்களும் தோத்துறக் கூடாது, பெருமாளே!”

இரவு 11 மணி ஆட்டத்துக்கு 9 மணிக்கே மாமாக் கடையில் ஆஜர். அதே மேசை, அதே நாற்காலி. ஏப்ரலில் வாட்ஃபோர்டை வென்ற நாளிலிருந்து துவைக்காத வெள்ளை ஜெர்சி. ஆறு வாரம் ஆனதைக் காலண்டர் பார்க்காமலே சொல்லலாம். பெரிய திரையில் பட்டத்துக்கு மென்செஸ்டர் சிட்டியா லிவர்பூலா என்று கடையே கிடந்தது. கல்லாவில் இருந்த பாய் இரக்கப்பட்டு, தலைக்கு மேலிருந்த சின்ன டிவியில் பிரென்ட்ஃபோர்டை வைத்துக் கொடுத்தார்.

மாமா ஒரு டிஷ்யூ தாளை விரித்தார். நாலு நம்பர் எழுதுகிற அதே பேனா. நாம் ஜெயித்தால், சமன் செய்தால், தோற்றால். அவன் ஜெயித்தால், சமன் செய்தால், தோற்றால். ஜாதகம் மாதிரி ஒன்பது கட்டம் போட்டார். மூன்றில்தான் உயிர் இருந்தது. அந்த மூன்றையும் சுழித்துவிட்டு, தாளை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் தாயத்துபோல் வைத்துக்கொண்டார். பர்ன்லியோடு மோதும் நியூகாசல் ஆட்டக்காரர்களை அன்று மச்சான் பெயர் சொல்வதுபோல் உரிமையோடு கூப்பிட்டார். தே தாரிக்கின் நுரை அடங்கி ஆடை படிந்தது. தொடவில்லை.

லீட்ஸின் ராஃபின்யா பினால்டி அடித்தார். பிரென்ட்ஃபோர்ட் சமன் செய்தது. அங்கே நியூகாசல் மச்சான்கள் பர்ன்லியை 2–1 என்று முடித்தார்கள். இங்கே 94ஆம் நிமிடத்தில் ஹாரிசன் அடித்தார், லீட்ஸுக்கும் 2–1. ஆட்டம் முடிந்ததும் ராஃபின்யா திடலில் முழங்காலாலேயே நகர்ந்து போனார். “பத்துமலை நேர்த்திக்கடன் மாதிரி இருக்கு லா,” என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, 48 வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார்:

“இனிமே நமக்குப் பயமில்லடா!”

2023 மே 28. சொந்தத் திடலில் டாட்டன்ஹாமிடம் 1–4. லீட்ஸ் இறங்கியது. பயிற்சியாளர், கோல்காவலர், நடுவர் என்று கடையில் ஆளாளுக்கு ஒருவரைத் திட்டினார்கள். மாமா யாரையும் திட்டவில்லை.

“தப்பு என்னோடதுதான் லா,” என்றார். “போன வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.”